மூக்குக்கண்ணாடியில் படியும் ஆவி

முகக்கவசம் அணிந்தவுடன் மூக்குக்கண்ணாடி மங்கிப்போவது கண்ணாடி அணிபவர்கள் அனைவருக்கும் பழக்கமான எரிச்சல். நானும் நெடுநாள் அதைக் கண்ணாடியின் குற்றமாகவே எண்ணித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் வெளிவிடும் மூச்சு துணியின் ஊடாகப் போகாமல், மூக்கின் இருபுறமும் உள்ள இடைவெளி வழியாக மேலே ஏறுகிறது என்பதற்கு அந்த ஆவிதான் சாட்சி. அடுத்த மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்றும் அதே வழியில், எதனாலும் வடிகட்டப்படாமல், உள்ளே வந்து சேர்கிறது. முகக்கவசம் பயன் தருமா தராதா என்ற வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியைக் கவனிக்காமலேயே நடக்கின்றன என்பது என் எண்ணம்.

அடிக்கடி காதில் விழும் வாதம் ஒன்று உண்டு. கொரோனா வைரஸின் விட்டம் ஏறத்தாழ 0.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), முகக்கவசத்தின் துளைகளோ அதைவிடப் பெரியவை, ஆகவே இது சல்லடையில் தண்ணீர் பிடிக்கும் வேலை. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முகக்கவசம் சல்லடை அன்று. வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. எச்சிலும் சளியும் உப்பும் கலந்த, தன்னைவிடப் பெரிய துகள்களில் ஏறித்தான் வருகிறது. வடிகட்டும் அடுக்கோ ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும் நுண்ணிழைகளின் புதர். காற்று அந்த இழைகளைச் சுற்றி வளைந்து போகும்போது, கனமான துகள்கள் வளைவில் திரும்ப முடியாமல் நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவை காற்று மூலக்கூறுகளால் இடிபட்டு அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் ஏதோ ஓர் இழையில் சிக்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்கள்தாம் தப்பிப்பதில் வல்லவை. அதனால்தான் என்95 கவசத்தை அந்த அளவையொட்டிய துகள்களைக் கொண்டு சோதிக்கிறார்கள். அவற்றிலேயே குறைந்தது 95 விழுக்காட்டை அது பிடித்தாக வேண்டும்.

இந்தப் பிடிப்பில் பெரும்பங்கு, பாலிபுரொப்பிலீன் என்ற நெகிழி இழைகளில் ஏற்றப்பட்டு, துகள்களை இழுத்துப் பிடிக்கும் நிலைமின்னூட்டத்தினுடையது. 2020இல் நான் என்95 ஒன்றைச் சோப்பு நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, புதிதுபோல் ஆகிவிட்டதென்று பெருமைப்பட்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சோப்பும் ஆல்கஹாலும் அந்த மின்னூட்டத்தைக் கெடுத்துவிடும். பார்வைக்கு மட்டும் ஒரு குறையும் தெரியாது.

நோய் பரவும் வழியைப் புரிந்துகொள்வதிலும் தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. கொரோனா காற்றுவழி பரவுவதில்லை என்று 2020 மார்ச் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. பொதுமக்களும் முகக்கவசம் அணிவதை ஊக்குவிக்கலாம் என்ற நிலைக்கு ஜூன் மாதத்தில்தான் வந்தது. அதே மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சேர்ந்து பாடிப் பயிற்சி செய்வதற்காகக் கூடியிருந்த 61 பேரில், நோய்க்குறியுடன் வந்திருந்த ஒருவரையும் சேர்த்து, 53 பேர் நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டனர். பாடும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துகள்கள் மூடிய அறையில் புகையைப் போல நெடுநேரம் மிதக்கின்றன. புகை நுழைவதற்குச் சிறு இடைவெளி போதும்.

களச் சோதனைகளுக்கு வருவோம். டென்மார்க்கில் 2020இல் ஏறத்தாழ 6,000 பேரிடம் நடந்த சோதனையில், முகக்கவசம் தரப்பட்டவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் தரப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சொன்னபடி அணிந்ததாகத் தெரிவித்தார்கள். அணிந்தவரிடமிருந்து பிறருக்குப் பரவுவது குறைந்ததா என்பதை அச்சோதனை அளக்கவே இல்லை. வங்கதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே நடந்த சோதனையில், அணிபவர்களின் பங்கு 13இலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தது. அவ்வளவுக்கே, இரத்தப் பரிசோதனையில் உறுதியான, அறிகுறியுள்ள தொற்று சுமார் 9 விழுக்காடு குறைந்தது. அறுவைச் சிகிச்சைக் கவசம் வழங்கிய கிராமங்களில், 60 வயதைக் கடந்தவர்களிடையே, சுமார் 35 விழுக்காடு. துணிக்கவசத்தில் அத்தகைய தெளிவான பயன் தென்படவில்லை.

இச்சோதனைகள் அளந்தது, கவசத்தைக் கொடுத்து அணியச் சொன்னால் என்ன நடக்கும் என்பதையே. ஊர் முழுக்கக் கொசுவலை கொடுத்துவிட்டு, எத்தனை பேர் அதன் ஓரத்தைப் படுக்கைக்கடியில் செருகினார்கள் என்று பாராமல், வலை கொசுவைத் தடுக்குமா என்று கேட்பது போன்றது அதைக் கொண்டு கவசத்தையே தீர்ப்பிடுவது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைக் காட்டி முகக்கவசம் பயனற்றது என்று பலர் முழங்கியபோது, அது தவறான வாசிப்பு, சான்றுகள் முடிவுக்கு வரப் போதவில்லை என்பதே பொருள் என்று அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே விளக்க வேண்டியதாயிற்று.

என்னளவில், திறந்தவெளியில் தனியாக நடக்கும்போது நான் அணிவதில்லை. சன்னல் திறக்காத, ஆட்கள் நெருங்கி அமர்ந்த அறைக்குள் அணிகிறேன். வால்வு வைத்ததை வாங்குவதில்லை, ஏனெனில் நான் விடும் மூச்சு அதன் வழியே வடிகட்டப்படாமலேயே பிறரிடம் போகும். உள்ளே நுழையுமுன் மூக்கின்மேல் உள்ள கம்பியை இரு கைவிரல்களாலும் அழுத்தி, இரண்டு முறை பலமாக ஊதிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் மூக்கு இடப்பக்கம் சற்றுக் கோணல். எப்போதும் அந்தப் பக்கக் கண்ணாடிதான் முதலில் மங்குகிறது. மங்கினால், கண்ணாடியைத் துடைக்காமல் கம்பியை மறுபடி அழுத்துகிறேன்.