அப்பாவோட ஸ்ட்ரோக்: ரத்தம் மெலிசாக்குற மருந்து ஆரம்பிக்கிற வரைக்கும், அதுக்கப்புறமும்

எமர்ஜென்சில டாக்டர் திரும்பத் திரும்ப கேட்டது ஒன்னுதான், கடைசியா எத்தன மணிக்கு அவர நல்லபடியா பாத்தீங்க? அப்பாவுக்கு 73 வயசு, ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் ரொம்ப வருஷமா இருக்கு, பினாங்கு ஜெலுத்தோங் வீட்ல காலைல பசியாற உக்காந்தவருக்கு வலது கை அப்படியே தொங்கிருச்சு, வாய் கோணிருச்சு, என்னமோ சொல்ல வராரு ஆனா வார்த்த வரல. தம்பி உடனே 999 அடிச்சான். அம்மா ஏழரைக்கு கோப்பி குடுத்தப்போ நல்லா பேசுனாருன்னு உறுதியா சொன்னாங்க, அந்த நேரத்தத்தான் எழுதிக்கிட்டாங்க. ரத்தக்கட்டிய கரைக்கிற அல்டிப்ளேஸ் ஊசிய 4.5 மணி நேரத்துக்குள்ள போடணுமாம். தூங்கி எழுந்திரிக்கும்போதே கை வரலன்னா படுக்கப் போன நேரத்துலேருந்துதான் எண்ணுவாங்க, அதனால வீட்ல யாருக்காவது இப்படி ஆச்சுன்னா மொதல்ல மணிய மனசுல வாங்கிக்குங்க.

ஊசிக்கு முன்னாடி சிடி ஸ்கேன், ஏன்னா மூளைல ரத்தக் கசிவா அடைப்பான்னு வெளிய பாத்து சொல்ல முடியாது, கசிவுல இந்த மருந்து போட்டா ஆபத்து. சுகர் பாத்தாங்க, பிரஷர் 185/110க்கு கீழ வர வச்சாங்க, வார்ஃபரின் மாதிரி ரத்தம் மெலிசாக்குற மருந்து ஏதும் சாப்பிடுறாரான்னு கேட்டாங்க. எடை பாத்து கிலோவுக்கு 0.9 மில்லிகிராம்னு கணக்கு, அதுல பத்துல ஒரு பங்கு உடனே, மிச்சம் ஒரு மணி நேரமா ஏறிச்சு. பெரிய ரத்தக் குழாய் அடைச்சிருந்தா தொடை வழியா கம்பி விட்டு கட்டிய இழுத்து எடுப்பாங்களாம், அது 6 மணி நேரத்துக்குள்ள, சில பேருக்கு ஸ்கேன் பாத்து 24 மணி நேரம் வரைக்கும் கூட செய்றாங்க. அப்பாவுக்கு சின்ன கிளை, அது தேவைப்படல.

வார்ட்ல மானிட்டர் மாட்டினப்போதான் காரணம் தெரிஞ்சுச்சு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தோட மேல் அறை ஒழுங்கா சுருங்காம நடுங்குது, அப்ப இடது பக்க மேல் அறைல இருக்குற ஒரு சின்ன பைக்குள்ள ரத்தம் தேங்கி உறைஞ்சு, அங்கேருந்து மூளைக்குப் போகுது. இது இருக்கறவங்களுக்கு ஸ்ட்ரோக் வர வாய்ப்பு அஞ்சு மடங்கு. மத்த ஸ்ட்ரோக்க விட இது பெருசாவும் கடுமையாவும் வர்றதுதான் அதிகம். இதுல எனக்கு இன்னும் ஆறாத ஒரு விஷயம், முன்னாடி ஒரு கிளினிக்ல துடிப்பு ஒழுங்கா இல்லன்னு சொல்லிட்டு ஆஸ்பிரின் மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க. இந்த நோய்ல ஸ்ட்ரோக்க தடுக்க ஆஸ்பிரின் பத்தாது. நாடி தாறுமாறா அடிக்குதுன்னா ஈசிஜி எடுக்கச் சொல்லி கேளுங்க, விடாதீங்க.

எங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது ஊசிக்கு அப்புறம் வந்த நாளுங்கதான். இதயத்துலேருந்துதான் கட்டி வந்துச்சுன்னு தெரிஞ்சும் ரத்தம் மெலிசாக்குற மருந்த தரமாட்டேங்கறாங்களே, இன்னொன்னு வந்துட்டா என்ன பண்றதுன்னு அம்மா ராத்திரியெல்லாம் தூங்கல, நானும் ரவுண்ட்ஸ் வர்ற டாக்டருங்கள எல்லாம் நிறுத்தி கேட்டேன். ஒரு டாக்டர் நின்னு பொறுமையா சொன்னாங்க, அடிபட்ட மூளை இப்ப ரொம்ப பலவீனமா இருக்கும்மா, அவசரப்பட்டா அங்கயே ரத்தம் கசியும், லேட் பண்ணா இன்னொரு கட்டி வரும், ரெண்டுக்கும் நடுவுல நாள் பாக்குறோம்னு. அல்டிப்ளேஸ் போட்டா 24 மணி நேரத்துக்கு எதுவும் தரமாட்டாங்க, திரும்ப சிடி எடுத்து கசிவு இல்லன்னு பாக்கணும். முன்னாடியெல்லாம் ஸ்ட்ரோக் எவ்ளோ பெருசுன்னு பாத்து 1, 3, 6, 12ன்னு நாள் கணக்கு வச்சிருந்தாங்களாம், 2023ல வந்த எலான், 2024ல வந்த ஆப்டிமாஸ் ஆராய்ச்சிகள்ல சீக்கிரம் ஆரம்பிச்சாலும் மூளைல கசிவு கூடலன்னு தெரிஞ்சதால இப்ப முன்னாடியே குடுக்க யோசிக்கறாங்க. அத கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. அப்பாவுக்கு நடுத்தர அளவு, ரெண்டாவது சிடியும் நல்லா இருந்துச்சு, அந்த வாரத்துக்குள்ளயே ஆரம்பிச்சுட்டாங்க.

கிட்னி ரத்தப் பரிசோதனை பாத்துட்டு ரத்தம் மெலிசாக்க அபிக்சபான் 5 மில்லிகிராம் குடுத்தாங்க, காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு. ஸ்ட்ரோக் வர வாய்ப்பு எவ்ளோன்னு ஸ்கோர் ஒன்னு போட்டாங்க, வயசுக்கு 1, கொதிப்புக்கு 1, இனிப்பு நீருக்கு 1, ஸ்ட்ரோக் வந்ததுக்கு 2, ஆக 5, அதனால கட்டாயம் சாப்பிடணும்னாங்க. பக்கத்து வீட்டு ஆண்ட்டி வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் வார்ஃபரின் எடுக்கறாங்க, ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் பாக்க அடிக்கடி போகணும், கீரைய ஒரு நாள் நிறைய ஒரு நாள் இல்லாமன்னு சாப்பிடக் கூடாது. அபிக்சபானுக்கு அந்த டெஸ்ட் இல்ல, ஆனா ரெண்டு வேளை தவறினாலே பாதுகாப்பு போயிரும், அதனால மருந்து டப்பாவ தம்பி ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நிரப்பி வைக்கிறான். நாட்டு மருந்து எதையும் ஃபார்மசில கேக்காம குடுக்கறதில்ல. மலம் கருப்பா போனாலோ தலைல அடிபட்டாலோ நேரா எமர்ஜென்சிதான்.

முழுங்குற டெஸ்ட்ல தேற கொஞ்ச நாளாச்சு, அது வரைக்கும் எல்லாம் கெட்டியா கலக்கித்தான் குடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு உதவுற நாசாம் சங்கத்தோட பினாங்கு மையத்துல ஃபிசியோ, பேச்சுப் பயிற்சி. மூனு மாசத்துல டாக்டருங்க எவ்ளோ தேறியிருக்காருன்னு 0லேருந்து 6 வரைக்கும் ஒரு அளவு வச்சு பாக்கறாங்க, 6ன்னா இறப்பு. அப்பா 2, அதாவது முன்ன மாதிரி எல்லாம் செய்ய முடியல, ஆனா தன்னோட வேலைய தானே பாத்துக்கறாரு. சட்டைப் பொத்தான் போடத்தான் இன்னும் ரொம்ப நேரமாகுது, பேரு சொல்ல சில சமயம் தடுமாறுறாரு.

இப்ப பல்லு ஒன்னு எடுக்கணும். பல் டாக்டர்கிட்ட அபிக்சபான் சாப்பிடுறாருன்னு மொதல்லயே சொல்லிட்டோம், மருந்த நாங்களா நிறுத்தல, ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு அடுத்த வாரம் போறோம்.