ஈபர்ட் பார்த்ததும் பார்க்காததும்

2010 ஏப்ரல் 16 அன்று அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ கேம்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று தலைப்பிலேயே அறிவித்து, தமது வலைப்பதிவில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். இன்று உயிரோடிருக்கும் எந்த ஆட்டக்காரரும் கேமைக் கலையாக அனுபவிக்கும் காலம்வரை வாழப்போவதில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கானோர் அவருக்கு மறுமொழி எழுதினர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கண்டனங்கள். கிழவருக்குப் புதியது எதுவும் புரியாது, தொழில்நுட்பம் என்றாலே அவருக்கு ஒவ்வாது, பிலிம் சுருளோடு சேர்ந்து அவரும் காலாவதியாகிவிட்டார் என்பதுதான் அவற்றுள் பலவற்றின் சாரம். சில வாரங்களில், முப்பரிமாணப் படங்களைத் தாம் வெறுப்பதற்கான காரணங்களை அவர் நியூஸ்வீக் இதழில் அடுக்கியபோதும் அதே பட்டம் அவருக்கு மறுபடியும் சூட்டப்பட்டது.

இவ்விரு கட்டுரைகளையும் இத்தனை ஆண்டுகள் கழித்து அடுத்தடுத்து வைத்து வாசித்தால், ஒன்று ஏறக்குறைய முழுமையாக நிலைத்திருப்பதும் மற்றொன்று அடித்தளத்திலேயே ஆட்டம் கண்டிருப்பதும் தெரிகிறது. இரண்டையும் எழுதியவர் ஒரே மனிதர். எழுதப்பட்டதும் ஏறக்குறைய ஒரே காலம். தொழில்நுட்பத்தை வெறுக்கும் கிழவர் என்ற விளக்கம் சரியென்றால் இரண்டும் தவறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்பதால், இணையம் அவருக்கு அன்று சொன்ன பதிலைக் காட்டிலும் நல்ல பதில் ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்தப் பட்டத்தைப் பார்க்கலாம். 1967 முதல் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் திரை விமர்சனம் எழுதிவந்த ஈபர்ட், 1975-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். திரைப்பட விமர்சகர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. 1987-லேயே, அகன்ற திரையும் உயர்தெளிவும் கொண்ட தொலைக்காட்சிப் பெட்டிகள் வரும், வீட்டிலிருந்தபடி ஒரு பொத்தானை அழுத்தி வேண்டிய படத்தை வரவழைத்துக்கொள்ளும் நாள் வரும் என்று ஒரு நேர்காணலில் அவர் சொல்லியிருக்கிறார். புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைகளால் 2006-இல் பேச்சை முற்றிலும் இழந்த பிறகு அவருடைய வாழ்க்கையே கணினியின் வழியாகத்தான் நடந்தது. வலைப்பதிவில் அவர் எழுதிய நீண்ட கட்டுரைகளும், ட்விட்டரில் ஓயாமல் இட்டுவந்த குறிப்புகளும் புதிய தலைமுறை வாசகர்களை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தன. எடின்பரோவைச் சேர்ந்த செரிபுராக் என்னும் நிறுவனம், பழைய படங்களின் டிவிடிகளுக்காக அவர் முன்பு பதிவுசெய்திருந்த விளக்கவுரைகளிலிருந்து ஒலித்துண்டுகளைப் பிரித்தெடுத்து, அவருடைய சாயலிலேயே பேசும் ஒரு கணினிக் குரலை உருவாக்கிக் கொடுத்தது. 2011-இல் டெட் (TED) உரை மேடையில் தோன்றிய அவர், கணினிக் குரல் ஒன்று நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லி, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, கேட்பவர்களைச் சிரிக்கவைக்கிறதா என்று பார்ப்பதையே அத்தகைய குரல்களுக்கான சோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார். தொழில்நுட்பத்தின் மீது ஒவ்வாமை கொண்டவரின் யோசனை என்று இதை யாரும் சொல்ல முடியாது.

தொழில்நுட்பத்தைப் பற்றி அவர் தவறாகக் கணித்ததும் உண்டு. திரையரங்குகளில் டிஜிட்டல் திரையிடலைப் பற்றிய பேச்சு 1999 வாக்கில் வலுத்தபோது, நொடிக்கு 24 சட்டகங்களுக்குப் பதிலாக 48 சட்டகங்களைக் காட்டும் மேக்சிவிஷன் என்ற பிலிம் முறையை அவர் தூக்கிப்பிடித்தார். அது சந்தைக்கு வரவேயில்லை. 2011 நவம்பரில், பிலிம் தோற்றுவிட்டது, தமது தரப்பும் தோற்றுவிட்டது என்று சுற்றிவளைக்காமல் எழுதினார். இங்கேயும் கவனிக்க வேண்டியது, அவர் எதிர்த்தது புதுமையை அன்று என்பதுதான். அன்று கிடைத்த டிஜிட்டல் பிம்பத்தைக் கண்ணால் பார்த்து, பிலிமோடு ஒப்பிட்டு, பிலிமே மேல் என்று முடிவு செய்தார். அந்த மதிப்பீடு அந்தக் காலத்துக்குப் பொருந்தியது, டிஜிட்டலின் வளர்ச்சி வேகத்தை மட்டும் அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

முப்பரிமாணத்துக்கு எதிராக அவர் வைத்த வாதங்களும் கண்ணிலிருந்து பிறந்தவைதான். படம் மங்கலாகத் தெரிகிறது என்றார். இது ரசனை சார்ந்த குறையன்று, அளந்து காட்டக்கூடியது. சாதாரணப் படத்தின்போது திரையில் இருக்க வேண்டிய ஒளி ஏறக்குறைய 14 அடி-லாம்பர்ட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) என்பது திரைத்துறையின் தர அளவு. முப்பரிமாணத்தில், வடிகட்டியும் கண்ணாடியும் ஒளியை விழுங்கியபின் பல அரங்குகளில் மிஞ்சியது அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வருகின்றன என்றார். நுழைவுச்சீட்டுக்கு மேல் கூடுதலாகப் பணம் பிடுங்குகிறார்கள் என்றார். தொலைக்காட்சியைப் போன்ற போட்டி வரும்போதெல்லாம் ஹாலிவுட் தொழில்நுட்பத்தின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் என்று வரலாற்றையும் துணைக்கு அழைத்தார். (மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அது நழுவாமலிருக்க மூன்று மணி நேரம் தலையை நிமிர்த்தியே வைத்திருந்தவர்களின் குறையை அவர் பட்டியலில் சேர்க்காததுதான் எனக்குச் சற்று வருத்தம்.)

2011 ஜனவரியில் இந்த வாதத்துக்கு வலுவான துணை ஒன்று கிடைத்தது. படத்தொகுப்பிலும் ஒலி வடிவமைப்பிலும் ஆஸ்கர் பெற்ற வால்டர் மர்ச் அவருக்கு எழுதிய கடிதத்தை ஈபர்ட் அப்படியே வெளியிட்டார். மர்ச் சொன்ன காரணம் எளிமையானது. நாம் ஒரு பொருளைப் பார்க்கும்போது இரண்டு கண்களும் அதை நோக்கித் திரும்புகின்றன. கண்வில்லைகளும் அதே தொலைவுக்குக் குவிகின்றன. இவ்விரண்டும் எப்போதும் இணைந்தே நடப்பவை. முப்பரிமாணப் படத்தில் பிம்பம் பத்தடித் தொலைவில் மிதப்பதுபோல் தோன்றினால் கண்கள் பத்தடிக்குத் திரும்ப வேண்டும், ஆனால் குவியம் மட்டும் எண்பதடித் தொலைவிலுள்ள திரையிலேயே நிற்க வேண்டும். உயிர்களின் பரிணாம வரலாற்றில் எந்தக் கண்ணும் பழகியிராத வேலை இது. இன்று தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர்க் கருவிகளைச் செய்பவர்களும் இதே முரண்பாட்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதேசமயம் அவதார் படத்துக்கு முழு நான்கு நட்சத்திரங்களை அளித்தவரும், ஹியூகோ படத்தில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி முப்பரிமாணத்தைக் கையாண்ட விதத்தைப் பாராட்டியவரும் இவரேதான். முரண்பாடு என்று இதைச் சுட்டிக்காட்டியவர்கள் உண்டு. எனக்கு இது முரண்பாடாகத் தெரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறவரால்தான் இப்படி விதிவிலக்குகளை ஒப்புக்கொள்ள முடியும். வீட்டுத் தொலைக்காட்சிகளைப் பொறுத்தவரை தீர்ப்பு விரைவிலேயே வந்துவிட்டது. 2017-க்குள் சாம்சங், எல்ஜி, சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் முப்பரிமாணத் தொலைக்காட்சியைக் கைவிட்டுவிட்டன.

வீடியோ கேம்களுக்கு வரும்போதுதான் அவருடைய முறையே மாறிவிடுகிறது. 2005-லேயே தம் வாசகர் ஒருவருக்கு அளித்த பதிலில், கேம்கள் இயல்பிலேயே ஆட்டக்காரரின் தேர்வுகளைக் கோருபவை, தேர்ந்த இலக்கியமும் திரைப்படமுமோ படைப்பாளியின் கட்டுப்பாட்டைக் கோருபவை, ஆகவே இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை என்று எழுதியிருந்தார். 2010 கட்டுரை, கேம்கள் ஏற்கெனவே கலைதான் என்று கேம் வடிவமைப்பாளர் கெல்லி சாண்டியாகோ ஆற்றிய உரை ஒன்றுக்கான மறுப்பு. கேம் என்பது விதிகளும் புள்ளிகளும் இலக்கும் கொண்டது, அதில் ஒருவர் வெல்ல முடியும். அவற்றை நீக்கிவிட்டால் அது கேமாக இராது, கதையாகவோ நாடகமாகவோ நடனமாகவோ ஆகிவிடும் என்பது அவர் வாதத்தின் மையம். தர்க்கம் சீராகத்தான் ஓடுகிறது. ஆனால் எந்த எடுத்துக்காட்டு வந்தாலும், கலையாக இருந்தால் அது கேம் அன்று, கேமாக இருந்தால் அது கலை அன்று என்று இரண்டு வாசல்களையும் அடைத்துவிடும் வரையறையில் பார்ப்பதற்கோ ஆடுவதற்கோ எதுவும் மிச்சமிருப்பதில்லை.

சாண்டியாகோ காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று பிரெய்டு. ஜொனாதன் புளோ 2008-இல் வெளியிட்ட இந்த கேமில் ஆட்டக்காரர் காலத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். சதுரங்கத்தில் வைத்த காயைத் திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதித்தால் ஆட்டத்தின் ஒழுங்கே குலைந்துபோகுமே என்று ஈபர்ட் கேட்டார். பிரெய்டை ஆடியவர்கள் கொதித்தது இந்த இடத்தில்தான், அதில் நியாயமும் இருக்கிறது. அங்கே காலத்தைத் திருப்புவது தவறைத் திருத்திக்கொள்ளும் சலுகையன்று, புதிரே அதுதான். சில பொருள்கள் காலத்தோடு பின்னோக்கி வருவதில்லை; ஓர் உலகில் கதாநாயகன் வலப்பக்கம் நடந்தால் காலம் முன்னோக்கியும் இடப்பக்கம் நடந்தால் பின்னோக்கியும் ஓடுகிறது. இறுதிக் கட்டத்தில், முரடன் ஒருவனிடமிருந்து தப்பும் இளவரசி நமக்கு வழிதிறந்துவிட்டபடி ஓடிவருகிறாள், நாம் கீழே ஓடியபடி அவளைச் சென்றடைகிறோம். காட்சியைப் பின்னோக்கி ஓட்டும்போதுதான், அவள் ஓடியது நம்மிடமிருந்து என்பதும் நம் வழியில் தடைகளை வைத்துக்கொண்டே ஓடினாள் என்பதும் அவளைக் காப்பாற்றியவன் அந்த முரடன்தான் என்பதும் விளங்குகின்றன. இதை நான் இங்கே இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் துரத்தலைத் தன் விரல்களாலேயே நடத்தி முடித்தவருக்கு ஏற்படும் கூச்சத்தை வாக்கியத்தால் தர முடியாது. ஆட்டக்காரரின் பங்கேற்பு படைப்பாளியின் கட்டுப்பாட்டுக்கு எதிரானது என்ற ஈபர்ட்டின் அடிப்படை இந்த ஒரு காட்சியிலேயே உடைந்துபோகிறது, ஏனெனில் ஆட்டக்காரர் எதை நம்பி ஓடுவார் என்பதையும் சேர்த்தே புளோ எழுதி வைத்திருக்கிறார்.

நம் மரபிலிருந்து பார்த்தாலும் அந்த அடிப்படை எனக்கு வியப்பையே தருகிறது. கீர்த்தனையை இயற்றியவர் ஒருவர். அதில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்கிறவர் வேறொருவர், அதுவும் கச்சேரிக்குக் கச்சேரி வேறு வேறு விதமாக. ராகத்துக்கும் தாளத்துக்கும் உரிய விதிகள் அங்கே கறாரானவை, தேர்வுகளோ பாடுகிறவருடையவை. விதியும் தேர்வும் சேர்ந்தால் கலை போய்விடும் என்று அந்த அரங்கில் சொன்னால் சிரிப்பார்கள்.

இவ்வளவு நல்ல எதிர்வாதங்கள் இருந்தும், அன்றைய கண்டனங்களில் பெரும்பகுதி அவற்றைத் தொடவில்லை. வயதைச் சொன்னார்கள், உடல்நிலையைக்கூடச் சிலர் இழுத்தார்கள். சினிமாவையும் ஒரு காலத்தில் இப்படித்தான் இகழ்ந்தார்கள் என்று பலர் எழுதினார்கள். அந்த வாதமும் எங்கும் கொண்டுசேர்ப்பதில்லை. ஒரு காலத்தில் இகழப்பட்டவை எல்லாம் பின்னர் கலையாகிவிடவில்லை. நேராக இலக்கைத் தொட்டது ஒரே ஒரு கேள்விதான்: ஆடாமலே எப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்? சாண்டியாகோ தம் உரையில் காட்டிய காணொளித் துணுக்குகளைப் பார்த்தே ஈபர்ட் அந்த கேம்களை எடைபோட்டிருந்தார். மலரிதழ்கள் காற்றில் மிதந்து செல்லும் ஃபிளவர் என்ற கேமை, வாழ்த்து அட்டை அளவுக்கான அலங்காரம் என்று அவர் தள்ளிவிட்டதும் அப்படித்தான்.

அந்தக் கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வந்தது. பிள்ளைகள் புல்வெளியில் கால்வைத்தாலே விரட்டுகிற கிழவர் என்பது அமெரிக்காவில் பழகிப்போன கேலி; 2010 ஜூலை 1 அன்று, சரி பிள்ளைகளே, என் புல்வெளியில் விளையாடுங்கள் என்ற பொருளில் அவர் ஒரு பதிவு எழுதினார். பார்க்காத படத்தைப் பற்றித் தாம் ஒருநாளும் கருத்துச் சொல்லியிருக்க மாட்டார் என்றும், ஆடாத கேம்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதே மடமை என்றும் அதில் ஒப்புக்கொண்டார். ஆனால் கேம்கள் கலையாக முடியாது என்ற கருத்தை அவர் திரும்பப் பெறவில்லை, பேசியதுதான் தவறு என்றார். இதைச் சரணாகதி என்று கொண்டாடியவர்கள் பதிவைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். என்னைக் கேட்டால், அவர் உட்கார்ந்து ஒரு கேமையாவது முடித்துவிட்டு அதே கருத்தை மீண்டும் எழுதியிருக்கலாம். முப்பரிமாணத்தைக் கிழித்ததுபோல் அதையும் காட்சி காட்சியாகக் கிழித்திருப்பார், கேம்களைப் பற்றிய எழுத்துக்கும் அது நல்ல தீனியாக இருந்திருக்கும். மன்னிப்பைக் காட்டிலும் அந்தக் கட்டுரையைத்தான் நான் விரும்பியிருப்பேன்.

உலகம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புத்தகங்களுக்கும் நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் உள்ள கருத்துரிமைப் பாதுகாப்பு கேம்களுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. ஈபர்ட் 2013 ஏப்ரல் 4 அன்று காலமானார். அந்த ஆண்டு டிசம்பரில், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் தன் நிரந்தரச் சேகரிப்புக்காக இரண்டு கேம்களைப் பெற்றுக்கொண்டது. அவற்றில் ஒன்று ஃபிளவர். அவர் உயிரோடிருந்திருந்தாலும் இது அவருடைய கருத்தை அசைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அருங்காட்சியகங்கள் வாழ்த்து அட்டைகளையும் சேகரிக்கத்தான் செய்கின்றன என்று எழுதிவிட்டு, ஆயிரக்கணக்கான மறுமொழிகளுக்குத் தயாராகியிருப்பார்.