நகராத புள்ளி

23 ஆகஸ்ட் 2025, சனி

இன்றைக்கு நான் சாகவில்லை. அம்மாவிடம் போனில் இதைச் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் வெர்ஜீனியா விமான நிலையத்திலிருந்து பயிற்சி விமானத்தில் கிளம்பி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் கரும்பு. உயரம் நூறு அடி கூடிவிட்டது, முள்ளைப் பார்த்தபடி அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன். திடீரென்று இன்ஸ்ட்ரக்டர் "விடு, நான் ஓட்டுறேன்" என்று ஆங்கிலத்தில் கத்தி வலப்பக்கம் சாய்த்தார். இடது ஜன்னலை நிரப்பிக்கொண்டு ஒரு வெள்ளைச் செஸ்னா, எங்களுடையதைப் போன்ற சின்ன விமானம், போனது. ஓட்டியவர் தலையில் நீலத் தொப்பி. அவர் கீழே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் போலவே.

இறங்கிய பிறகு ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அறிக்கை எழுதினோம். "எப்போது முதலில் பார்த்தீர்கள்?" என்று ஒரு கேள்வி இருந்தது. பார்க்கவே இல்லை என்று எழுதக் கை வரவில்லை. அப்புறம் அதைத்தான் எழுதினேன்.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. நான் குடியிருப்பது டர்பனின் ரெட்ஹில்லில் ஒரு ஆயா வீட்டுப் பின்கட்டில். ஆயாவின் பாட்டனார் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர். முதல் கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது 1860 நவம்பரில். இவர்கள் வந்தது எந்தக் கப்பலில் என்று ஆயாவுக்குத் தெரியாது. ஆயாவின் தமிழில் பாதி ஆங்கிலம், ஆனால் "சாப்ட்டியா?" மட்டும் சுத்தத் தமிழ். கொழுக்கட்டை செய்திருந்தார். உள்ளே தேங்காய்ப் பூரணத்தோடு திராட்சையும் இருந்தது. எங்கள் ஊரில் போடமாட்டார்கள், ஆனால் நன்றாகவே இருந்தது.

துணி காயப்போடும்போது தலைக்கு மேலே பயிற்சி விமானம் போனால் ஆயா நிமிர்ந்து பார்ப்பார். "உன் வண்டியா?" என்பார். எல்லாமே வெள்ளைதான் ஆயா, எப்படிச் சொல்வது?

31 ஆகஸ்ட், ஞாயிறு

இன்ஸ்ட்ரக்டர் படிக்கச் சொன்ன விபத்து அறிக்கையை இன்று முடித்தேன். 1986, இதே ஆகஸ்ட் 31, அன்றும் ஞாயிறு. வேண்டுமென்றே இந்த நாளாகப் பார்த்துக் கொடுத்தாரா, தெரியவில்லை.

இடம் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் செரிட்டோஸ் என்ற குடியிருப்புப் பகுதி. ஏரோமெக்சிகோவின் பயணிகள் ஜெட், டிசி-9, தரையிறங்க வந்துகொண்டிருக்கிறது, உள்ளே 64 பேர். டாரன்ஸிலிருந்து கிளம்பிய ஒரு சின்னப் பைப்பர் விமானம், அதில் ஒருவர், அவர் மனைவி, மகள். பகல் 11.52. சுமார் 6,500 அடியில் பைப்பரின் எஞ்சின் டிசி-9-இன் வால் இறக்கையைப் பிய்த்துவிட்டது. பெரிய விமானம் தலைகுப்புற வீடுகள்மேல் விழுந்தது. பைப்பர் போய் விழுந்தது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். ஞாயிறு, ஆகவே அங்கே யாரும் இல்லை. வீடுகளில் அப்படியில்லை. மறுநாள் திங்களும் அங்கே விடுமுறை, வீட்டிலிருந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். 5 வீடு அழிந்தது, 7 வீடு சேதம். தரையில் 15 பேர். மொத்தம் 82 உயிர்.

பைப்பர் அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் வந்துவிட்டது. தெரிந்து செய்ததல்ல. ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவியான அதன் டிரான்ஸ்பாண்டர், உயரத்தைச் சொல்லாத வகை. ரேடார் முன்னால் இருந்தவரோ, அதேபோல் நுழைந்துவிட்ட இன்னொரு சின்ன விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

மாரடைப்பில் பைப்பர் ஓட்டியவர் முன்பே மயங்கியிருப்பார் என்றுகூட முதலில் பேச்சு எழுந்தது, அது நிற்கவில்லை. 1989-இல் ஜூரி, அரசாங்கத்துக்குப் பாதி, பைப்பர்காரருக்குப் பாதி என்று பழியைப் பிரித்தது. டிசி-9-இல் இருந்தவர்களும்தான் பைப்பரைப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை என்று விட்டார்கள். போன வாரம்வரை இதைப் படித்திருந்தால் 'சின்ன விமானத்துக்காரன் கவனிக்கவில்லை' என்று நானும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன்.

3 செப்டம்பர், புதன்

காற்று பலம், பறக்கவில்லை. இன்ஸ்ட்ரக்டர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார்.

கண்ணில் பட 0.1 விநாடி. விமானம் என்று புரிய 1. நம்மேல் மோதத்தான் வருகிறது என்று உறைக்க 5. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4. கை அசைய 0.4. விமானம் திரும்ப 2. ஆக 12.5 விநாடி. ரெண்டு பயிற்சி விமானம் எதிரெதிரே ஆளுக்கு நூறு நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் வந்தால், அதற்குள் இடையில் கரைவது கிட்டத்தட்ட 1.3 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் எதிரே வருவது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிப் பிடித்த கடுகு, ரெண்டு பக்கமும் சின்ன நூல் துண்டு. கடுகு என்பதுகூடத் தாராளம்.

இதைவிட என்னை உலுக்கியது அடுத்தது. நம்மேல் மோதப் போகிற விமானம் முன் கண்ணாடியில் நகராது. நகர்ந்தால், அது நமக்கு முன்னாலோ பின்னாலோ கடந்து போய்விடும், கவலையில்லை. மோதப் போவது ஒரே இடத்தில் நிற்கும், கடைசிவரை புள்ளியாகவே இருக்கும், கடைசிச் சில விநாடிகளில் குபீரென்று பெரிதாகும். மனிதக் கண்ணோ அசைவதைத்தான் பிடிக்கும். எலி ஓடினால் தெரியும், உட்கார்ந்திருந்தால் தெரியாது. அசைகிறதையெல்லாம் பார்த்துவிட்டு, அசையாததைக் கோட்டை விடுகிறோம்.

பார்த்தும் தவறவிடலாம். 1978 செப்டம்பர் 25, சான் டியாகோ. பிஎஸ்ஏ 182 என்ற பயணிகள் விமானத்தின் விமானிகள், தாங்கள் மோதிய செஸ்னாவை முன்பே பார்த்தார்கள். அப்புறம் காணோம், பின்னால் போயிருக்கும் என்று நினைத்தார்கள். அது கீழே, முன்னால் இருந்தது. 144 பேர், அதில் 7 பேர் தரையில்.

7 செப்டம்பர், ஞாயிறு

ஆயாவிடம் செரிட்டோஸ் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. "கீழே இருந்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆயா. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. துணிக் கவ்விகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு என்ன நடந்தது என்று நான்தான் சொன்னேன். 1987-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது: 30 இருக்கைக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி, டிகாஸ், வேண்டும்; கெடு பிறகு 1993 முடிவுவரை தள்ளிப்போனது. பெரிய நிலையங்களைச் சுற்றிப் பறக்கும் சின்ன விமானமும் தன் உயரத்தைச் சொல்லியாக வேண்டும். கருவி இருந்தும் 2002-இல் ஜெர்மனியில் யூபர்லிங்கன் மேலே 71 பேர் போனார்கள். கருவி ஏறு என்றது, தரையில் இருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கு என்றார், ரஷ்ய விமானம் இறங்கியது. இப்போது கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

"உன் வண்டியில அது இருக்கா?"

இல்லை, ஆயா.

20 செப்டம்பர், சனி

புரட்டாசி முதல் சனி. இந்த மாதம் முழுக்க இந்த வீட்டில் கறி மீன் கிடையாது. காலையில் இட்லி, பருப்பு. அப்புறம் தனியாகப் பறந்தேன்.

கண்ணாடியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு விநாடி கண்ணை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இடப்பக்கம், தூரத்து மலைக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நகரவில்லை. வயிறு கலங்கியது. திரும்பலாமா என்று யோசிக்கும்போதே தலையை ஒரு சாண் நகர்த்திப் பார்த்தேன். புள்ளி மலையை விட்டு வானத்துக்குத் தாவியது.

பூச்சி. கண்ணாடியில் அடிபட்டு ஒட்டிக்கொண்ட பூச்சி.

இறங்கியதும் ஈரத்துணி வாங்கிக்கொண்டு ஏணிப்படியில் ஏறிக் கண்ணாடி முழுவதையும் துடைத்தேன். அடுத்து ஓட்டப்போகிற பையன் காத்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் பொறு என்று இன்னொரு தடவை துடைத்தேன்.