ஓரத்தில் ஒரு கேள்விக்குறி

"அப்படியானால் போன வாரக் கூட்டத்தில் நீங்கள் ஏன் கை தூக்கினீர்கள்?"

நான்தான் கேட்டேன். 1984, மாஸ்கோ, மொழிபெயர்ப்புப் பிரிவு அறை. இன்றைக்கும் பல் துலக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ அந்தக் கேள்வி என் குரலிலேயே காதில் விழும்.

ஆரம்பித்தது ஒரு சொல்லில். 1977 சோவியத் அரசியல் சட்டம் பற்றிய சிறு நூலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். முதல் விதியிலேயே தொழிலாளர், விவசாயிகளுக்குப் பக்கத்தில் 'இன்டெலிகென்ட்சியா' என்ற ரஷ்யச் சொல் வந்துவிடும். வழக்கம்போல 'அறிவுஜீவிகள்' என்று போட்டேன். என் பிரதியை மூலத்தோடு ஒப்பிடும் ஆசிரியை லெனின்கிராடில் தமிழ் படித்தவர். அந்தச் சொல்லைப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

"அறிவால் பிழைப்பவர் என்றுதானே பொருள் வருகிறது?" என்றார், எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் தம் புத்தகத் தமிழில். "அப்படியெனில் நம் பிரிவுத் தலைவர் சேர்ந்துவிடுவார். கீழே வாசலில் வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டி வைக்கும் அம்மையார் சேர மாட்டார்."

எனக்குப் புரிந்தது. கோட்டின் உட்பக்கம் மாட்டுகிற நாடா அறுந்திருந்தால் மற்ற இடங்களில் திட்டு விழும். அந்தப் பாட்டி என் கோட்டில் அறுந்திருந்ததைத் தானே தைத்து வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தவர். அவர் மாதிரிப் பண்புள்ள ஆட்களைத்தான் ரஷ்யர்கள், அதே சொல்லின் உறவாக, 'இன்டெலிகென்ட்னி' என்பார்கள். பட்டம் வேண்டியதில்லை.

1860-களில் பபரீக்கின் என்ற நாவலாசிரியர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் என்பார்கள். படித்தவன், படித்ததற்காக மக்களுக்குக் கடன்பட்டவன், அதிகாரத்தோடு ஒட்டாதவன் என்று எல்லாம் அதில் ஏறிக்கொண்டது. 1892-இல் காலராவுக்குப் பயந்து ஊரே நடுங்கியபோது சம்பளம் வாங்காமல் வைத்தியம் பார்த்த எழுத்தாளர் செகோவ், 1899-இல் ஒரு கடிதத்தில் இந்த இன்டெலிகென்ட்சியாவை நம்பவில்லை, தனித்தனி மனிதர்களைத்தான் நம்புகிறேன் என்று எழுதினார். 1919-இல் லெனின் எழுத்தாளர் கார்க்கிக்கு இவர்களைப் பற்றி எழுதியது இன்னும் மோசம்: தேசத்தின் மூளை இல்லையாம், மலமாம். 1922-இல் தத்துவப் பேராசிரியர்களைக் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அப்புறம் இன்ஜினியர், கணக்கர், எங்கள் பிரிவுத் தலைவர் எல்லோருக்கும் அதே பெயரை வைத்து அரசியல் சட்டத்திலும் ஏற்றிவிட்டார்கள்.

சரி, இதெல்லாம் அன்று என் மண்டையில் ஓடியதாகச் சொன்னால் பொய். கெடு முடிய இரண்டே நாள். அவர் சொல்லுக்குச் சொல் நிறுத்தியது எரிச்சலாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் ஆபீஸ் கூட்டத்தில், டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி ஆபீஸ் மெஷினில் கார்பன் வைத்து, அரசு அச்சிட விடாத கவிதைகளை அடித்தாள் என்று கண்டனத் தீர்மானம். ஏதோ கையெழுத்து வாங்கப் போன நான் கதவோரம் நின்றேன். வெளிநாட்டுக்காரன் என்று யாரும் விரட்டவில்லை. எல்லாக் கையும் மேலே போயின. அவருடையதும்.

அதைத்தான் கேட்டுவிட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, என்னோடு தமிழில் மட்டுமே பேசுகிறவர், ரஷ்ய மொழியில் சொன்னார்: "நான் சொல்லைப் பற்றித்தான் பேசினேன். என்னைப் பற்றி அல்ல."

இதை எத்தனையோ விதமாக மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டேன். சில நாள் வாயை மூடு என்று கேட்கிறது. சில நாள் ஒப்புதல் வாக்குமூலம். தன்னைத் தானே 'இன்டெலிகென்ட்னி' என்று சொல்லிக்கொள்வது அங்கே அநாகரிகம் என்பதும் உண்டு. வெறும் அடக்கம்தானோ?

கேட்டதில் தப்பில்லை என்றும் தோன்றும். செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்குகள் போனதை எதிர்த்து 1968 ஆகஸ்ட் 25 அன்று எட்டுப் பேர் செஞ்சதுக்கத்தில் போய் உட்கார்ந்தார்களே. சில நிமிஷங்களில் அடித்து இழுத்துப்போனார்கள், ஆனாலும் உட்கார்ந்தார்கள். ஆனால் இந்த நியாயத்தைப் பேச எனக்கு என்ன தகுதி? என் பெட்டியில் இந்திய பாஸ்போர்ட் இருந்தது. அவருக்குப் பரீட்சை எழுதும் வயதில் ஒரு மகன். கதவோரம் நின்ற நானும்தான் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்க நாலு மாதம் இருந்தது, அவ்வளவுதான் காரணம். எனக்கு ஓட்டு இல்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பெண் கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போய்விட்டாள். நூல் அச்சாகி வந்தது. 'அறிவுஜீவிகள்' என்றே இருந்தது. பிரதியை எடுத்துப் பார்த்தேன், கேள்விக்குறியை ரப்பரால் அழித்திருந்தார். எப்போது அழித்தார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.