மீள்நடிப்புக்கு ஒரு துருக்கிப் பெயர்

மீள்நடிப்பில், அதாவது பழங்கால வாழ்க்கையை வேடமிட்டு நடித்துப் பார்க்கும் பொழுதுபோக்கில், இடைக்காலத் துருக்கியராக வேடமேற்கப் போகிறவர்களில் பலர் முதலில் திறப்பது குழந்தைகளுக்குப் பெயர் சொல்லும் இணையதளத்தைத்தான். டெவ்ரிம், ஓஸ்குர், அய்லின் எல்லாம் அங்கே அழகாக வரிசையில் நிற்கும். அவை குடியரசுக் காலத்துப் பெயர்கள். அட்டிலா, செங்கிஸ் போன்றவை பழையவைதான். ஆனால் துருக்கியில் பிள்ளைகளுக்கு அவற்றைச் சூட்டும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. ஓஸ்துர்க், யில்மாஸ் என்று குடும்பப் பெயர் சேர்த்துக்கொள்வது இன்னும் பெரிய பிழை. பரம்பரைக் குடும்பப் பெயர் கட்டாயமானது 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. தொலைக்காட்சித் தொடர்களையும் நம்ப வேண்டாம். அங்கே 13ஆம் நூற்றாண்டுப் பாத்திரங்களுக்குப் பிற்கால வரலாற்று நூல்களிலிருந்தும் காப்பியக் கதைகளிலிருந்தும் கலந்தே பெயர் எடுக்கிறார்கள்.

பெயரைத் தேடும் முன் ஆளை முடிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்தப் பத்தாண்டு, என்ன தொழில், என்ன மதம்? '1480இல் பூர்சாவில் முஸ்லிம் தோல் வியாபாரி' என்ற அளவுக்குக் குறுக்கினால்தான் தேடல் நகரும். 'துருக்கியர்' என்று மட்டும் சொன்னால் 732இல் குல் தெகினுக்கு எழுப்பிய ஓர்கோன் கல்வெட்டிலிருந்து ஒட்டோமான் அரண்மனை வரை எல்லாம் அதற்குள் வந்துவிடும். முதற்பெயரை ஓரிடத்திலும் அடைபெயரை (ஆளை அடையாளம் காட்டச் சேர்க்கும் பெயரை) வேறொரு நூற்றாண்டிலும் எடுத்து ஒட்டினால், தனித்தனியே சான்று இருந்தும் அப்படி ஒருவர் இருந்திருக்க முடியாது.

11ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலும் பிறகு அனத்தோலியாவிலும் ஆண்ட துருக்கி வம்சமான செல்ஜுக்குகளில் ஒருவருக்கே இரட்டைப் பெயர் சாதாரணம். 1071இல் மன்சிகர்ட்டில் வென்ற அல்ப் அர்ஸ்லானின் இஸ்லாமியப் பெயர் முகம்மது. அவருடைய தந்தை சக்ரியின் பெயர் தாவூத். அனத்தோலியாவில் (இன்றைய துருக்கியில்) ஆண்ட ரூம் கிளை முதலில் கிளிச் அர்ஸ்லான் என்று சூட்டியது. பிறகு கெய்ஹுஸ்ரெவ், கெய்காவுஸ், கெய்குபாத் எனப் பாரசீகக் காப்பிய அரசர்களின் பெயர்களுக்குப் போனது. இவை அரச குடும்பத்துப் பெயர்கள். முகாமில் குதிரைக்குப் புல் அள்ளுகிறவர் கெய்குபாத் ஆக முடியாது.

மம்லூக்கு வீரராக (அடிமையாக வாங்கப்பட்டு எகிப்தில் படைவீரரானவராக) வர நினைப்பவருக்கு வேலை சுலபம், ஏனென்றால் அந்தப் பெயரின் அமைப்பு நன்றாகத் தெரிந்த ஒன்று. சுல்தான் பைபர்ஸை எடுத்துக்கொள்வோம்: அல்-மலிக் அல்-ஸாஹிர் என்பது ஆட்சிப் பட்டம், ருக்னுத்தீன் சிறப்புப் பெயர், பைபர்ஸ் சொந்தப் பெயர், அல்-புந்துக்தாரி அவருடைய பழைய எஜமானரைக் குறிப்பது. சாதாரண வீரருக்குப் பின்னிரண்டும் போதும். கலாவூனுக்கு 'அல்-அல்ஃபி' என்ற அடை வந்தது, அவரை ஆயிரம் தினாருக்கு வாங்கியதால். மம்லூக்குகள் துருக்கிப் பெயரையே வைத்துக்கொண்டாலும் எகிப்தில் பிறந்த மகன்களுக்குப் பெரும்பாலும் அரபுப் பெயர் சூட்டினார்கள். கலாவூனின் பிள்ளைகள் கலீல், முகம்மது, அலி. மகன் தலைமுறையாக வேடமேற்பவர் சுன்குர் என்று வைத்துக்கொள்ளும் முன் இதை யோசிக்க வேண்டும்.

ஒட்டோமான் பக்கம்தான் புதையல். ஒட்டோமான் வம்சத்தைத் தொடங்கிய ஒஸ்மானின் மகன் ஓர்ஹான் 1324இல் எழுதிய பாரசீக மொழி வக்ஃபு (அறக்கொடை) ஆவணத்தில் குடும்பத்தாரே சாட்சிகள்: பஸர்லு, சோபான், ஹமித், ஒஸ்மானின் மகள் ஃபாத்மா, உமர் பேயின் மகள் மால் ஹாத்துன். துருக்கிப் பெயரும் அரபுப் பெயரும் ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை இதில் பார்க்கலாம். எளிய மக்களின் பெயர் வேண்டுமானால் 'தஹ்ரிர்' எனப்படும் வரிப்பதிவேடுகளுக்குப் போங்கள். இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது அல்பேனியப் பகுதிக்கு 1431-32இல் எழுதியது. அது அச்சிலும் உண்டு. கவனம்: பதிவேடுகளில் இரண்டு வகை. 'முஃபஸ்ஸல்' விரிவானது, ஊர்வாரியாக ஆட்களின் பெயர் இருக்கும். 'இஜ்மால்' சுருக்கம், அதில் வருமானத்தொகையும் மானியம் பெற்றவரும்தான். தலைப்பைப் பார்க்காமல் இஜ்மால் தொகுதியை வாங்கிவிட்டு ஆள் பெயரே இல்லையே என்று திணறுகிறவர்கள் உண்டு.

பதிவேட்டு வரியைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் வரும் 'பென்னாக்', 'முஜெர்ரெத்' ஆகியவை அடைபெயர்கள் அல்ல. முன்னது நிலம் மிகக் குறைவான மணமான குடியானவரையும், பின்னது மணமாகாதவரையும் காட்டும் வரிக்குறிப்புகள்.

அந்த வரிகளில் அகமத், மெஹ்மெத், அலி, ஹசன் மலிந்து கிடக்கும். நடுநடுவே துர்முஷ், துர்சுன், சாத்தில்மிஷ் வரும். 'நின்றவன்', 'நிற்கட்டும்', 'விற்கப்பட்டவன்' என்று பொருள். பிள்ளைகள் தங்காத வீட்டில் வைத்த பெயர்கள். பிச்சை, குப்பை என்று நம் ஊரில் வைத்த அதே எண்ணம்தான். குந்தோக்து, அய்தோக்து போன்றவையும் உண்டு. ஆடம்பரமில்லாத இந்தப் பெயர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். அல்ப் என்று தொடங்கும் வீரப் பெயர்களைவிட இவை முகாமில் எவ்வளவோ உண்மையாக ஒலிக்கும்.

தந்தை பெயரைச் சேர்க்கும் வடிவம் ஆவணத்தைப் பொறுத்தது. நீதிமன்றப் பதிவில் முஸ்லிம் ஆணுக்கு 'அலி பின் ஹிஸிர்', பெண்ணுக்கு 'ஆயிஷே பிந்த் ஹசன்'. வரிப்பதிவில் முஸ்லிம்களுக்கும் 'வெலெத்-இ' (இன்னாரின் மகன்) வரும். பேச்சு வழக்கில் வரிசை தலைகீழ்: ஹிஸிர் ஓக்லு அலி, ஹசன் கிஸி ஆயிஷே. தந்தை பெயர் அப்துல்லா என்று இருந்தால் படிப்பவர் முதலில் ஐயப்படுவது மதம் மாறியவரோ என்றுதான், ஏனென்றால் அவர்களுக்கு வழக்கமாக அப்படித்தான் எழுதினார்கள். அந்தப் பின்னணி வேண்டாமென்றால் அப்துல்லாவைத் தவிர்த்துவிடுங்கள். பெண் பெயர் தேடுபவர்கள் வரிப்பதிவில் நேரம் செலவழிக்க வேண்டாம். அது வரி கட்டும் ஆண்களின் கணக்கு, விதவைகள் மட்டும் எட்டிப் பார்ப்பார்கள். நீதிமன்றப் பதிவும் வக்ஃபு ஆவணமும்தான் வழி. குல்பஹார் போன்ற பாரசீகப் பூப்பெயர்கள் அரண்மனை அடிமைப் பெண்களிடம் மிகுதி; சுதந்திரமான வணிகர் மனைவியாக வருபவர் ஆயிஷே, ஃபாத்மா, ஹதிஜே பக்கம் நிற்பது நல்லது.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மூல ஆவணங்கள் அரபு எழுத்தில், பெரும்பாலும் உயிர்க்குறிகள் இல்லாமல் இருக்கின்றன. நாம் பார்க்கும் இலத்தீன் வடிவம் 1928ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் தந்தது. ஆகவே சுங்குர், சுன்குர், சொன்கொர் எல்லாம் ஒரே பெயராக இருக்கலாம். கிரேக்க ஆசிரியர்கள் உயிரெழுத்துகளை எழுதியதால் சில இடங்களில் அவர்கள் கைகொடுப்பார்கள். பைசாந்தியர் பாகிமெரெஸ் ஒஸ்மானை 'அத்மான்' என்று எழுதுகிறார், அந்த ஒரு சொல்லை வைத்தே ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். தமிழில் குறித்து வைத்தால் க, ப இரண்டுக்குமே ஒலி வேறுபாடு மறைந்துவிடும். குறிப்பேட்டில் பதிப்பாசிரியர் தந்த இலத்தீன் வடிவத்தையும் பக்க எண்ணையும் ஹிஜ்ரி ஆண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். துருக்கியின் இலத்தீன் எழுத்தில் புள்ளியுள்ள i-யும் புள்ளியில்லாத ı-யும் வேறு வேறு எழுத்து என்பதால் தேடுபெட்டியில் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

1966இல் அமெரிக்காவில் தொடங்கிய சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் போன்ற மீள்நடிப்பு அமைப்பில் பெயரைப் பதிவதானால் முதற்பெயரோடு ஓர் அடைபெயரும் கட்டாயம். சுல்தான், ஹான் என்று சேர்த்தால் பதவி உரிமை கோருவதாகக் கொண்டு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே முகாமில் மூன்று அலி பின் ஹசன் இருந்தால் கவலை வேண்டாம், அன்றும் அப்படித்தான். பெயருக்கு முன்னே காரா, உஸுன், கோஸெ (கரியவன், நெட்டையன், தாடி முளைக்காதவன்) அல்லது தெமிர்ஜி, தெர்ஸி (கொல்லன், தையல்காரன்) போன்ற தொழிற்பெயர் ஒன்றை வைத்தால் போதும்.