மதில் கட்டியாச்சா?

திருகோணமலையில் புதிதாகக் குடியேறியவர்களிடம் சுகம் விசாரித்த கையோடு ஊரவர்கள் கேட்கிற கேள்வி, "மதில் கட்டியாச்சா?" என்பதுதான். வீட்டைப் பற்றிக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. நான் பிறந்து வளர்ந்தது ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் அகதிகள் முகாமில். அப்பாவும் அம்மாவும் 1990இல் மறுபடி சண்டை மூண்டபோது திருகோணமலையை ஒட்டிய உப்புவெளிப் பக்கமிருந்து ஓடி, படகேறி அங்கே போனவர்கள். ஆகவே இது அவர்களுக்குத் திரும்பி வருதல். எனக்கு இது வேறு நாடு. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் இந்த நாட்டுக்காரி ஆனேன். கடையில் வாய் திறந்தால் "பிள்ளை இந்தியாவோ?" என்று இன்றும் கேட்கிறார்கள்.

மண்டபத்தில் எங்களுக்கு மதில் என்று ஒன்று இருந்ததில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைத் தங்க வைத்து நோய் பார்த்து அனுப்புவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்படுத்திய இடம் அது. பிற்பாடு இலங்கையிலிருந்து அந்தக் கடலைத் தாண்டி வந்தவர்களுக்கு அதுவே தங்குமிடமானது. வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஓர் அறை, இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே சுவர். அறைக்குள்ளே தடுப்பு வேண்டுமென்றால் அம்மாவின் சேலையைக் கயிற்றில் போடுவோம். சுவருக்கும் காது உண்டு என்று மற்றவர்கள் பயந்து சொல்வார்கள். அம்மாவுக்கு அந்தக் காதுதான் துணை. ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தபோது அம்மா வெளியே ஓடவில்லை, சுவரைத்தான் தட்டினாள். பக்கத்து வீட்டு அக்காவும் அவர் புருஷனும் வந்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அந்த அக்கா இப்போது பிரான்சில் இருக்கிறாள். பாட்டி செத்த அன்று முகநூலில் என் சுவரில் முதலில் எழுதியவளும் அவள்தான்.

முகாமுக்கு வெளியே தமிழ்நாட்டுச் சுவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். தேர்தல் வருவதற்கு வெகுநாள் முன்பே கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து, இந்தச் சுவர் எங்களுடையது என்று எழுதிப் பிடித்து வைப்பார்கள். சினிமா, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதன் மேலேயே ஏறும். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே அந்தச் சுவர்களில்தான். திருகோணமலைச் சுவர்கள் அவ்வளவு பேசுவதில்லை. மரண அறிவித்தல்கள் இருக்கும், தேர்தல் நேரத்தில் சுவரொட்டிகள் இருக்கும். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையோடு தெருவுக்கு வந்து சுவர்களில் படம் வரைந்தார்களே, அதை நான் ஆசையாகப் பின்தொடர்ந்தேன். யாருடைய வரலாறு சுவரில் ஏறுகிறது என்ற பேச்சும் கூடவே எழுந்தது. அது கேட்கப்படவேண்டிய கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பழைய சாட்சி ஒன்று உண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி பிரட்ரிக் கோட்டைக்குள்ளேதான் போகிறது. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துத்தான் கோட்டையை எழுப்பினார்கள். பிறகு ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். இன்று உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, புள்ளிமான்கள் மேய்கின்றன. வாசல் கல்லில் இரண்டு கயல் மீன்களும், "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியை" என்று தொடங்கும் பாட்டின் சிதைந்த எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன், இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன். முதல் தடவை அம்மா என் கையைப் பிடித்து அந்தக் கல்லில் வைத்தாள். சாமி கும்பிடப் போகிற ஒவ்வொரு முறையும், சாமியின் பழைய வீட்டுக் கல்லால் கட்டிய மதிலைத் தாண்டித்தான் போகிறோம். எனக்கு அது இன்றும் சாதாரணமாகவில்லை, ஆகவும் வேண்டாம்.

சரி, எங்கள் காணிக்கு வருகிறேன். இருபது பேர்ச். தமிழ்நாட்டுக் கணக்கில் பன்னிரண்டரை சென்ட். உறுதி, அதாவது காணிப் பத்திரம், தாத்தா பெயரில் இருந்தது, பாட்டி அதைப் பொலித்தீனில் சுற்றிப் படகிலேயே கொண்டு போயிருந்தாள். தாளில் காணி பத்திரமாக இருந்தது. தரையில் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கிடுகு வேலி உக்கிப் போயிருந்தது, வேலிக்கு நட்ட பூவரசங் கதியால்களில் ஒன்றிரண்டு மட்டும் பெரிய மரமாக நின்றன. ஒரு பக்கம் யாரோ தகரம் அடித்து எங்கள் பக்கமாக உள்ளே வந்திருந்தார்கள். சம்பூரில் இருக்கிற ஒன்றுவிட்ட சித்தி, "உங்களுக்கு மரமாவது நின்றது" என்றாள். அவர்கள் 2006இல் இடம்பெயர்ந்து, பத்து வருடம் அளவில் அலைந்து திரும்பியபோது வீடுகளே தரைமட்டம். கிணற்றை வைத்துத்தான் தன் வளவை அடையாளம் பிடித்தாளாம்.

இங்கே மதில் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தனியார் காணியை ஒருவர் பத்து வருடம் இடையூறில்லாமல், உரியவருக்கு எதிராகத் தன்னுடையதாகவே ஆண்டு வந்தால், வழக்குப் போட்டு அதைத் தனதாக்கிக்கொள்ள வழி உண்டு. ஊரில் இருக்கிறவனுக்கு அது நியாயமான சட்டம். உயிர் தப்ப ஓடியவன் எப்படி வந்து இடையூறு செய்வான்? அதற்காக 2016இல் தனிச்சட்டம் கொண்டுவந்து, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஓடியவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்காதபடி செய்தார்கள். நல்ல காரியம். என்றாலும் வழக்குப் போடக் காலக்கெடு வைத்திருந்தார்கள். முகாமில் இருந்த எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? எங்களுக்குத் தெரியாது. தகரம் அடித்தவர்களோடு நீதிமன்றம் போகாமலே, நில அளவையாளரைக் கூட்டிவந்து, இரண்டு வீட்டாரும் பார்க்கக் கல் நட்டு முடித்தோம். அவர்கள் தகரத்தைத் தாங்களே கழற்றினார்கள்.

மறுபக்கத்தில்தான் எனக்குப் பிடித்த எல்லை இருக்கிறது. அங்கே பங்குக் கிணறு. எல்லைக்கோடு கிணற்றின் நடுவால் போகிறது, பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து மாமிக்கு. இப்படியான இடத்தில் மதிலைக் கிணறு வரை கொண்டுவந்து நிறுத்தி, அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்குவார்கள். இரண்டு வீட்டாரும் அவரவர் பக்கம் நின்று ஒரே தண்ணீரை அள்ளுவார்கள். சண்டை பிடித்துப் பேச்சு நின்ற வீடுகளிலும் வாளி ஓடும். தாத்தா காலத்தில் அந்த வேலியில் ஒரு பொட்டும் இருந்ததாம், ஆள் குனிந்து போகிற அளவுக்கு. கறி போவதும் பிள்ளைகள் போவதும் செய்தி போவதும் அதால்தான். மதில் வேலை தொடங்கியதும் மாமி வந்து நின்று, "கட்டுங்கோ பிள்ளை, கட்டத்தான் வேணும். ஆனா என்னை ரோட்டால சுத்தி வரச் சொல்லாதேங்கோ" என்றார். மேசனிடம் சொல்லி அந்த இடத்தில் ஒரு சின்னக் கேற் வைத்தோம். பூட்டு வாங்கவில்லை.

2022இல் பொருளாதார நெருக்கடியில் எல்லாம் நின்றுபோனது. ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த ஒரு பாக் சீமெந்து மூவாயிரத்தைத் தாண்டியது, கல் அறுக்கிறவர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பாதி மதிலும் பாதி தகரமுமாக நின்றோம். அந்த வருடம் ஊரில் நிறையப் பேரின் மதில் அப்படித்தான் நின்றது. அப்புறம் தவணை தவணையாக ஏற்றினோம்.

முகாமிலிருந்து வர நினைக்கிற பிள்ளைகள் இப்போதும் எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். வந்ததும் மதிலுக்குக் கல்லும் மண்ணும் இறக்காதீர்கள். முதலில் உறுதியோ அரச காணிக்கான அனுமதிப் பத்திரமோ எது கையில் இருக்கிறது என்று பாருங்கள், இரண்டுக்கும் வழிமுறை வேறு. கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அளந்து, வரைபடம் கையில் வந்தபிறகு பக்கத்து வீட்டாரை அழைத்துக் காட்டிவிட்டு அத்திவாரம் வெட்டுங்கள். கல் வரிசை ஏறும்போது அடியில் தண்ணீர் போக ஓட்டை விடச் சொல்லுங்கள். இங்கே பெருமழை கார்த்திகை, மார்கழியில்தான். தண்ணீருக்கு வழி விடாத மதில் அந்த மழையில் சாயும், சாயாவிட்டால் வெள்ளம் அடுத்த வளவுக்குள் போய் நிற்கும்.