அடக்குதலா, அமைதியா: யுவாஸ்கிலா நாட்குறிப்பு

12 பிப்ரவரி 2024, திங்கள்

ஃபின்லாந்தின் யுவாஸ்கிலா நகரில், உணர்ச்சிகளைக் கையாளும் விதத்தை அளக்கும் வினாத்தாள்களின் ஃபின்னிஷ் வடிவங்களைச் சோதிக்கும் வேலை இன்று தொடங்கியது. இரண்டு வினாத்தாள்கள். உளவியலாளர்கள் கிராஸும் ஜானும் 2003-ல் வெளியிட்ட ஈஆர்க்யூவில் (ERQ, உணர்ச்சிகளை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்பது) மொத்தமே 10 வாக்கியங்கள். நடந்ததை வேறு கோணத்தில் பார்த்து மனசைச் சமாளிப்பது பற்றி 6, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்குவது பற்றி 4. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போடலாம். மற்றது கிராட்ஸும் ரோமரும் 2004-ல் கொண்டுவந்த டெர்ஸ் (DERS), உணர்ச்சிகளைக் கையாள்வதில் ஒருவருக்குள்ள சிக்கல்களை அளப்பது; 36 வாக்கியங்கள், ஆறு பிரிவுகள்.

மொழி இங்குள்ள சகாக்களின் பொறுப்பு, எண்கள் என் பாடு. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, உட்கார்ந்து பேசி ஒன்றாக்குகிறார்கள். மூலத்தையே பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குகிறார். திரும்பி வந்தது மூலத்தோடு அச்சாகப் பொருந்தியதும் எல்லோர் முகத்திலும் நிம்மதி. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சொல்லுக்குச் சொல் போட்ட மொழிபெயர்ப்புதான் இந்தச் சோதனையில் முதல் வகுப்பில் தேறும்.

27 பிப்ரவரி, செவ்வாய்

பள்ளிகளுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை. பாதி அலுவலகம் காலி, நேர்காணலுக்கும் ஆள் கிடைக்காது. உளவியலாளர் லேயா புல்க்கினெனின் கட்டுரைகளை எடுத்து உட்கார்ந்தேன். 1968-ல் இதே ஊரில் எட்டு வயதுப் பிள்ளைகள் 369 பேரோடு தொடங்கி, அவர்களை ஐம்பது வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு அவருடையது. அமைதியான பிள்ளைகள் எல்லோரையும் அவர் ஒன்றாகச் சேர்க்கவில்லை. தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்து, அனுசரித்து அமைதியாக இருப்பது ஒரு வகை. கட்டுப்பாடு குறைந்து, பதற்றத்தில் ஒடுங்கிப்போவது வேறு வகை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நாலு வாக்கியத்தைக் கூட்டி ‘அடக்குதல்’ என்று பெயர் வைப்பவர்கள் இதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

7 மார்ச், வியாழன்

பதில் போடும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் நேர்காணல். இன்று வந்தவர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். சகா கேட்டாள், நான் பக்கத்தில் குறிப்பெடுத்தேன். ‘என் உணர்ச்சிகளை எனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்’ என்ற வாக்கியத்துக்குப் பேனா யோசிக்காமல் 6-க்குப் போனது. சற்றுக் கீழே, ‘வெளிக்காட்டாமல் இருப்பதன் மூலம் என் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்துகிறேன்.’ பேனா நின்றது. பிறகு 2.

ஏன் என்று கேட்டாள். “கட்டுப்படுத்த என்ன இருக்கிறது? யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை” என்று காபியை ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

வினாத்தாளின் கணக்கில் இந்த இரண்டு வாக்கியமும் ஒரே பக்கம் சாய வேண்டியவை. அடக்குவது என்றால், உள்ளே எழுந்ததை வெளியே வராமல் பிடித்து நிறுத்துவது. இவர் எதையும் பிடித்து நிறுத்தவில்லை. பேசாமல் இருக்கிறார், அவ்வளவுதான்.

(வினாத்தாளின் முகப்புக் குறிப்பு அந்தப் பெரியவரை ‘நீ’ என்றே விளிக்கிறது. இங்கே அது மரியாதைக் குறைவு இல்லையாம். கூச்சமெல்லாம் எனக்குத்தான்.)

19 மார்ச், செவ்வாய்

டெர்ஸ். 36-ல் 11 வாக்கியங்கள் தலைகீழ். மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். அவற்றில் 6, தன் உணர்ச்சியைக் கவனிப்பது பற்றிய ஒரே பிரிவில் குவிந்திருக்கின்றன. அந்தப் பிரிவு மற்ற ஐந்தோடு ஒட்டாது என்பது பழைய புகார். 2016-ல் வந்த 16 வாக்கியச் சுருக்க வடிவம் அதை மொத்தமாகவே விட்டுவிட்டது. கோளாறு விஷயத்திலா, தலைகீழ் வாக்கியத்திலா? இரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதால் பிரித்துச் சொல்ல முடியாது.

தூக்கிவிடலாம் என்றேன். சகா விடவில்லை. தன் உணர்ச்சி இன்னதென்று இனம்கண்டு சொல்ல முடியாத நிலையை, அதாவது அலெக்சிதிமியாவை, இந்த நாட்டில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1999-ல் வெளியான ஆய்வில் பொதுமக்களில் 13% பேருக்கு, ஆண்களில் 17%, பெண்களில் 10% பேருக்கு, அது இருந்தது. மருத்துவர்கள் முதலில் தேடுவதே இந்தப் பிரிவைத்தான் என்கிறாள். நியாயம்தான். பிரிவு இருக்கட்டும், மொத்தக் கூட்டலில் சேர்க்க வேண்டாம் என்று முடித்தோம்.

22 ஏப்ரல், திங்கள்

ஈஆர்க்யூ எண்கள் வந்துவிட்டன. ஆங்கிலத் தரவோடு வைத்துப் பார்த்தேன். கட்டமைப்பு ஒத்துப்போகிறது, ஒவ்வொரு வாக்கியமும் தன் பிரிவோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று காட்டும் எடைகளும் ஏறக்குறைய ஒன்றே. உள்ளே அளவு ஒன்றாக இருக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இயல்பாக விழும் மதிப்பெண்ணை, அதாவது தொடக்க மட்டங்களை, இரு குழுவுக்கும் சமம் என்று வைத்தேன். உடனே, கணக்கு மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சிஎஃப்ஐ (CFI) எண் சரிந்தது. 0.01-க்கு மேல் இறங்கினால் சந்தேகப்படு என்பது 2002-லிருந்து புழக்கத்தில் உள்ள வரம்பு.

எந்த வாக்கியம் என்று தேடினால், எலக்ட்ரீஷியன் யோசிக்காமல் 6 போட்ட அதே வாக்கியம். அடக்கும் அளவு சமமாக இருந்தாலும் ஃபின்னிஷ் பேசுபவர் அதில் ஒரு படி கூடுதலாகப் போடுகிறார். அந்த வாக்கியத்துக்கு மட்டும் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்திவிட்டால் மற்ற மூன்றும் ஒழுங்காக நிற்கின்றன. இரு குழுக்களுக்கும் இடையே முதலில் தெரிந்த வித்தியாசமும் பெருமளவு கரைந்துபோகிறது.

26 ஏப்ரல், வெள்ளி

கட்டுரைச் சுருக்கத்தில் ‘ஃபின்லாந்துக்காரர்கள் அதிகம் அடக்குகிறார்கள்’ என்ற வரி வேண்டும் என்று ஒரு மூத்தவர் பிடிவாதம். படிக்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்குமாம். பிடிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வரியை நம்பி யாராவது, அதிகம் பேசாத ஒரு மனிதரைச் சிகிச்சைக்கு அனுப்பினால்? அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அடக்குதலை ஃபின்னிஷ் பேசுபவர்களுக்குள் மட்டும் ஒப்பிடுவது, கோணம் மாற்றிப் பார்க்கும் பகுதியை மட்டும் நாடுகளுக்கிடையே ஒப்பிடுவது என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்து ஸ்வீடிஷ் வடிவம். இந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 5% பேருக்கு அதுதான் தாய்மொழி. நாடு ஒன்று, மொழி வேறு. அவர்களிடமும் அதே வாக்கியம் முரண்டு பிடித்தால் எங்கள் மொழிபெயர்ப்பின் மீது மட்டும் பழி போட முடியாது. ஸ்வீடிஷ் பேசுபவர்கள் அதிகமுள்ள வாசா பக்கத்து ஆட்களுக்கு மே தின விடுமுறை முடிந்ததும் அழைப்புக் கடிதம் போக வேண்டும்.